உச்ச வேகத்தைக் காட்டி த்ரூபுட் என்று ஏமாற்றாதீர்கள்

த்ரூபுட்டைக் கடைசி முனையில் நின்றுதான் எண்ண வேண்டும். ஒரு நொடியிலோ ஒரு மணி நேரத்திலோ எவ்வளவு வேலை முழுசாக முடிந்து வெளியே வந்தது என்பதுதான் கேள்வி. ஆனால் எந்த விளம்பரத்தைப் பார்த்தாலும், எந்த மீட்டிங்கில் உட்கார்ந்தாலும், நடுவில் கிடக்கும் ஏதோ ஒரு பாகம் அதிகபட்சம் எவ்வளவு ஓடும் என்பதைத் தூக்கிக் காட்டி "இதுதான் த்ரூபுட்" என்கிறார்கள். கேட்டுக் கேட்டு மண்டை காய்கிறது.

நெட்வொர்க்கில்தான் இந்த அநியாயம் அதிகம். கிகாபிட் என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். அது பிட் கணக்கு, ஃபைலின் அளவோ பைட் கணக்கு. 8-ஆல் வகுத்தால் 125 மெகாபைட். அதுவும் முழுசாகக் கைக்கு வராது. 1500 பைட் பாக்கெட்டில் ஐபி, டிசிபி தலைப்புகளுக்கே, அதாவது எங்கே போக வேண்டும், எந்த வரிசையில் என்ற குறிப்புகளுக்கே, 40 போய்விடும். பாக்கெட்டுகளுக்கு நடுவே விடும் இடைவெளியையும் சேர்த்து ஈதர்நெட் இன்னொரு 38 பைட்டை எடுத்துக்கொள்ளும். கம்பியில் 1538 பைட் ஓடினால் அதில் 1460 தான் உங்கள் டேட்டா. ஆக, எல்லாம் சரியாக இருந்தாலே சுமார் 949 மெகாபிட், அதாவது நொடிக்கு 118 மெகாபைட். இது ரகசியமா என்ன? பெட்டியில் இன்னும் ஒரு வரி அச்சிட்டால் என்ன கெட்டுவிடும்?

கேபிளுக்குள் 4 ஜோடி கம்பிகள். கிகாபிட்டுக்கு நாலும் வேண்டும். முனையில் பிளக்கை அழுத்திப் பொருத்தும்போது (கிரிம்ப்) ஒரு கம்பி சரியாக உட்காரவில்லை என்றால் லிங்க் பெரும்பாலும் சத்தமில்லாமல் 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும். பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும். லிங்க் எத்தனையில் நிற்கிறது என்று பார்க்காமலே "சர்வர் ஸ்லோ" என்று டிக்கெட் போடுகிறவர்களை என்ன செய்வது?

தூரத்து சர்வர் என்றால் கதை வேறு. போய்த் திரும்ப 100 மில்லிசெகண்ட் ஆகிறது, டிசிபி விண்டோ, அதாவது 'வந்து சேர்ந்தது' என்ற பதில் வரும் முன் அனுப்பக்கூடிய டேட்டாவின் அளவு, 64 கிலோபைட்டில் நிற்கிறது என்று வையுங்கள். ஒரு சுற்றுக்கு அவ்வளவுதான் அனுப்ப முடியும், ஆகவே நொடிக்கு சுமார் 5 மெகாபிட்டுக்கு மேல் நகராது. லைனை 1 கிகாபிட்டிலிருந்து 10 கிகாபிட்டாக மாற்றினாலும் அதே 5 தான். நெட்வொர்க் வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப் புரோகிராமை ஓட்டிப் பாருங்கள்: ஒரு ஸ்ட்ரீமில் (ஒரு இணைப்பில்) 5 வந்து, எட்டு ஸ்ட்ரீமில் 40 வந்தால், கோளாறு லைனில் இல்லை, விண்டோவில். ரெண்டு நிமிடச் சோதனை இது. அதைச் செய்யாமல் லைனை அப்கிரேட் பண்ணச் சொல்லிப் பணத்தைக் கரைக்கிறார்கள்.

கம்ப்யூட்டரில் டேட்டாவைச் சேமிக்கும் எஸ்எஸ்டியிலும் இதே கூத்து. கேஷ் எனும் வேகமான தற்காலிக இடம் நிரம்பும் வரை பறக்கும், நிரம்பியதும் படுத்துவிடும் டிரைவ்கள் நிறைய. மெமரியை விடப் பெரிய ஃபைலை எழுதி, கடைசி நிமிடங்களின் வேகத்தைப் பாருங்கள்.

தொழிற்சாலைக்கு வந்தால் ரத்தமே கொதிக்கிறது. வெட்ட 20 நொடி, வெல்டிங்குக்கு 45, பெயின்டுக்கு 30 ஆகும் ஒரு லைன். மணிக்கு 80 பீஸ், அதுதான் உச்சம், ஏனென்றால் வெல்டிங் அதற்கு மேல் விடாது. இப்போது "த்ரூபுட்டைக் கூட்டுகிறோம்" என்று 15 நொடியில் வெட்டும் மெஷினை வாங்கி வைக்கிறார்கள். ஒரு பீஸ்கூட அதிகம் வராது! வெல்டிங் முன்னால் குவியல்தான் வளரும். அங்கே 400 பீஸ் கிடந்தால், புதிதாக வரும் பீஸ் 5 மணி நேரம் காத்திருக்கும். 1961-லேயே அமெரிக்க ஆய்வாளர் ஜான் லிட்டில் நிரூபித்துவிட்ட உறவு இது: உள்ளே நிற்பவை என்பது வெளியேறும் வேகத்தையும் காத்திருக்கும் நேரத்தையும் பெருக்கியது.

செய்ய வேண்டியதைச் செய்வதே இல்லை. சாப்பாட்டு நேரத்தில் வெல்டிங்கை அரை மணி நிறுத்தினால் 40 பீஸ் போனது போனதுதான், வேறு எங்கே வேகம் காட்டியும் மீட்க முடியாது. அங்கே மட்டும் ஆட்களை மாற்றி மாற்றி ஓட விட வேண்டும். தரச் சோதனையை வெல்டிங்குக்கு முன்னால் வையுங்கள். வெட்டும்போதே கெட்ட பீஸ் மேல் 45 நொடி செலவழிப்பது அந்த 45 நொடியைத் தூக்கி எறிவதுதான். வெட்டும் மெஷின் சும்மா நின்றால் சூப்பர்வைசரைத் திட்டும் மேலாளர்களே, அது சும்மா நிற்கத்தான் வேண்டும்.

"எல்லாம் நூறு சதவீதம் பிஸியாக இருக்கணும்" என்ற வெறிக்கும் கணக்கு இருக்கிறது. வேலை ஒழுங்கற்ற இடைவெளியில் வந்து சேரும் எளிய வரிசை மாதிரியில், 80 சதவீதச் சுமைக்குக் காத்திருப்பு ஒரு வேலை நேரத்தின் 4 மடங்கு, 90-க்கு 9 மடங்கு, 95-க்கு 19 மடங்கு. சர்வருக்கும் இதுதான், சுங்கச்சாவடிக்கும் இதுதான்.

சாலையில் இதே தப்பைக் கான்கிரீட்டில் செய்கிறார்கள். வண்டிகள் 2 நொடி இடைவெளியில் போனால் ஒரு லேனில் மணிக்கு 1800. சிக்னலில் 90 நொடிக்கு 30 நொடி பச்சை, கிளம்புவதில் 2 நொடி வீண் என்றால், ஒரு பச்சைக்கு 14 வண்டி, மணிக்கு 560. ரெண்டு சிக்னலுக்கு நடுவே சாலையை எத்தனை லேன் அகலப்படுத்தினாலும், சிக்னலின் நிறுத்தக் கோட்டில் லேனும் பச்சை நேரமும் கூடாதவரை அந்த எண் அசையாது. அதிலும் வண்டியை எண்ணுகிறார்களே தவிர ஆட்களை எண்ணுவதில்லை. 50 பேர் இருக்கும் பஸ்ஸும் ஒருவர் மட்டும் போகும் காரும் அவர்கள் அட்டவணையில் ஆளுக்கு ஒன்று!