காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுத?

சென்னையில் இருக்கும் சித்தப்பா மகன் நேற்று குடும்ப வாட்ஸ்அப்பில் ஒரு படம் போட்டான். 2020இல் எடுத்தது. மொட்டை மாடியில் டால்கோனா காபியோடு நிற்கிறான். கீழே, "லாக்டவுன் நாட்கள், என்ன ஒரு நிம்மதி, மிஸ் பண்றேன்" என்று எழுதி இரண்டு இதயம். பதினாலு பேர் கட்டைவிரல் காட்டியிருந்தார்கள், அதில் என் வீட்டுக்காரியும் ஒருத்தி. அங்கே பதில் போட்டால் சித்தப்பா முகம் சுளிப்பார். போடாமல் இருந்தால் எனக்குத் தூக்கம் வராது. ராத்திரி பன்னிரண்டரைக்கு உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

களியக்காவிளைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வீட்டுக்குப் பின்னால் ரப்பர் தோட்டம், தோட்டம் முடிகிற இடத்தில் கேரளம். நடுவில் ஆறோ மலையோ கிடையாது. எந்த மரம் எந்த மாநிலம் என்று தோட்டத்துக்காரரே வில்லேஜ் ஆபீசில் கேட்டுத்தான் சொல்ல வேண்டும். 1956 நவம்பர் 1 வரை இரண்டு பக்கமும் ஒன்றாகக் கிடந்த நாடு. அன்றைக்கு விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. சேர்ந்தது நல்லதுதான், அதற்காக உயிர் கொடுத்தவர்கள் எங்கள் ஆட்கள். ஆனால் கோடு போட்டவர்கள் கல்யாணங்களை அந்தப் பக்கம், இந்தப் பக்கம் என்று பிரித்துக் கொடுக்கவில்லை. என் பெரியம்மையை, அம்மாவின் அக்காவை, கட்டிக்கொடுத்தது கேரளத்துப் பாறசாலையில். வீட்டிலிருந்து ஐந்து கிலோமீட்டர்கூட இல்லை. இங்கே குழம்பு கொதிக்கும்போது புறப்பட்டால் அங்கே சோறு ஆறுவதற்குள் போய்விடலாம்.

2020 மார்ச் 24 ராத்திரி எட்டு மணிக்குப் பிரதமர் டிவியில் வந்தார். பன்னிரண்டு மணி முதல் நாடு மொத்தமும் 21 நாள் பூட்டு. கையில் இருந்தது நாலு மணி நேரம். எங்கள் ஊரில் ஒரு அடியந்திரத்துக்கு, அதாவது வீட்டு விசேஷத்துக்கு, பந்தல்காரனிடம் சொல்லவே நாலு வாரம் வேண்டும். தமிழ்நாட்டில் அன்று மாலை ஆறு மணிக்கே 144 வந்துவிட்டது. சரி, புது நோய், யாருக்கும் ஒன்றும் தெரியாது, முதல் மாதத்தை நான் குறை சொல்ல வரவில்லை. நோய் பொய் என்று சொல்கிற கூட்டத்திலும் நான் இல்லை. 2021 மே மாதம் எங்கள் தெருவிலேயே இரண்டு சாவு. என் ஆத்திரமெல்லாம் அப்புறம் நடந்ததைப் பற்றியது.

கடையைத் திறக்கக் கூடாது. ஆனால் கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்று ஊருக்கே தெரியும். வெளியூர் போக அனுமதி தருகிற இ-பாஸ் வந்ததும் வீட்டுத் திண்ணை கடையாகிவிட்டது. அந்த விண்ணப்பத்தில் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. கல்யாணம், மருத்துவம், நெருங்கிய உறவினர் இறப்பு, இவ்வளவுதான் அரசாங்கத்துக்குத் தெரிந்த காரணங்கள். மகளுக்கு ஏழாம் மாசம், பக்கத்தில் ஆளில்லை என்பதற்குக் கட்டம் இல்லை. அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டப் போனால்தான் இந்தப் பக்கத்தில் அடுப்பு எரியும் என்பதற்குக் கட்டம் இல்லை. அப்பனைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என்பதற்கு நிச்சயமாக இல்லை. இதில் இன்னொரு கூத்து, பாஸ் ஒன்று போதாது. இங்கே தமிழ்நாட்டுத் தளம், அங்கே கேரளத்தின் ஜாக்ரதா தளம். இது கிடைத்தால் அது கிடைக்காது. அது கிடைப்பதற்குள் இதில் போட்ட தேதி போய்விடும். மறுபடியும் முதலிலிருந்து, மறுபடியும் ஓ.டி.பி., மறுபடியும் ஆதாரை ஸ்கேன் பண்ணு.

ஒரு நாள் காலை ஆறு மணிக்குப் பக்கத்து வீட்டு அண்ணாச்சி வந்தார். ரப்பர் வெட்டுக்காரர். தலைவிளக்கைக்கூடக் கழற்றவில்லை.

"மக்ளே, அக்கா போயிட்டா. ஒரு பாஸ் போட்டுத் தா."

அக்கா எல்லைக்கு அந்தப் பக்கம். போட்டேன். இறப்புக்கான சான்று கேட்டது.

"என்ன சான்று?"

"செத்ததுக்கு அத்தாட்சி, அண்ணாச்சி."

"அவ இப்பதானே போனா. ஒடம்பு சூடு ஆறல்லயே மக்ளே. அதுக்குள்ள எவன் சான்று தருவான்?"

கடைசியில் அங்கிருந்து மருமகன் ஒரு போட்டோ அனுப்பினான். தாடையைச் சேர்த்து வெள்ளைத் துணி கட்டி, தலைமாட்டில் விளக்கு வைத்த படம். அதை ஏற்றினேன். படம் அளவில் பெரிதாக இருக்கிறது என்று தளம் தள்ளிவிட்டது. செத்துக்கிடக்கிற ஒரு பொம்பளையின் படத்தை, கூடப் பிறந்தவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, நான் அளவு குறைத்தேன். ஒரு தடவை போதவில்லை. இரண்டாம் தடவை குறைத்ததில் முகமே கலங்கிப்போனது, அப்போது ஏறியது.

பதினொரு மணிக்கு 'பரிசீலனையில்'. ஒரு மணிக்கும் 'பரிசீலனையில்'. மூன்று மணிக்கு அடக்கம். "தோட்டம் வழியா நடந்து போயிரலாம் அண்ணாச்சி, பத்து நிமிசம்" என்று நானே சொன்னேன். மாட்டேன் என்றுவிட்டார். மகன் வெளிநாடு போகப் பாஸ்போர்ட்டுக்குப் போட்டிருக்கிறான், கேஸ் கீஸ் ஆனால் பையன் வாழ்க்கை கெட்டுப்போகும் என்ற பயம். என் திண்ணையில், என் போனில், வீடியோ காலில்தான் அக்காவுக்கு மண் போட்டதைப் பார்த்தார். நெட் இரண்டு தடவை நின்று நின்று வந்தது. ராத்திரி ஏழு பத்துக்கு மெசேஜ் வருகிறது, விண்ணப்பம் ஏற்கப்பட்டது என்று.

மறுநாள் அதை ஒரு பிரிண்ட் எடுத்துத் தரச் சொன்னார். இனி எதுக்கு அண்ணாச்சி என்றேன். "வச்சிருக்கேன் மக்ளே. மருமவப் பிள்ளைகள்ட்ட என்னைக்காவது காட்டணும், மாமன் வரப் பாத்தான்னு." நான் அதற்குக் காசு வாங்கவில்லை. வேறென்ன செய்ய முடியும் என்னால்?

இவ்வளவும் ஒழுங்காகச் சட்டத்தை மதித்தவனுக்கு. மதிக்காதவனுக்கு ஒரு குறையும் இல்லை. பாஸ் எடுத்தவன் சாவடியில் வெயிலில் நின்றான். எடுக்காதவன் தோட்டத்துக்குள் புகுந்து போய் மாமியார் வீட்டில் மீன்குழம்பு சாப்பிட்டு, ஏப்பம் விட்டுக்கொண்டு அதே வழியில் திரும்பி வந்தான். சரக்கு வண்டிகளுக்குத் தடையே இல்லை. கோழி போனது, ஏத்தங்குலை போனது, முட்டை போனது. கூண்டுக்குள் உட்கார்ந்து ஒரு பிராய்லர் கோழி எல்லை தாண்டுகிற சுகத்தைக் கூடப்பிறந்த தம்பிக்குக் கொடுக்க இரண்டு அரசாங்கத்துக்கும் மனம் வரவில்லை. (சாவடியில் நின்ற போலீஸ்காரப் பையன்களை நான் திட்டவில்லை. அதில் ஒருத்தன் திண்டுக்கல்காரன், நாலு மாதமாக வீட்டுக்கே போகவில்லை என்றான். அவனுக்கும் ஒரு கட்டம் இல்லை.)

நம் தலைவர்கள் அப்போது என்ன பண்ணிக்கொண்டிருந்தார்கள்? 2020 ஏப்ரல் தொடக்கத்தில், தமிழ்நாட்டு எல்லையைக் கேரளம் மண்ணைப் போட்டு மூடுகிறது என்று ஒரு வதந்தி கிளம்பியது. அப்படியெல்லாம் இல்லை, அவர்கள் எங்கள் சகோதரர்கள் என்றார் பினராயி விஜயன். எடப்பாடி பழனிசாமி மகிழ்ச்சி தெரிவித்து ட்விட்டரில் போட்டார். பாராட்டாத ஆள் இல்லை. நானும் அன்று ஃபார்வர்ட் பண்ணினேன், வெட்கமாக இருக்கிறது. வடக்கே காசர்கோட்டில் கர்நாடகம் நிஜமாகவே மண்ணைக் கொட்டி ரோட்டை மறித்து, மங்களூருக்குப் போக வேண்டிய நோயாளிகள் நடுவழியில் நின்றபோது கேரளம் கொதித்தது, விவகாரம் கோர்ட் வரைக்கும் போனது. கொதித்தது நியாயம். அதே நியாயம் தெற்கே எங்கள் எல்லையில் இருக்கிற இஞ்சிவிளை வரைக்கும் வந்துசேர ஏன் அவ்வளவு நாள் ஆனது? அண்ணன் தம்பி உறவெல்லாம் ட்விட்டரில் இருந்தது. நிஜ அண்ணன் தம்பிகள் சாவடிக்கு இந்தப் பக்கம் ஒருத்தர், அந்தப் பக்கம் ஒருத்தராக நின்று கையசைத்துக்கொண்டிருந்தார்கள்.

விளக்கேற்றச் சொன்னார்கள், ஏப்ரல் 5 ராத்திரி ஒன்பது மணிக்கு ஒன்பது நிமிடம். என் அம்மை குத்துவிளக்கையே எடுத்து வைத்தாள். மே 7ஆம் தேதி கோயிலும் சர்ச்சும் பள்ளிவாசலும் பூட்டிக் கிடக்க, டாஸ்மாக்கைத் திறந்தார்கள். மறுநாளே ஐகோர்ட் மூடச் சொன்னது. சுப்ரீம் கோர்ட்டுக்கு ஓடிப்போய்த் தடை வாங்கி, 16ஆம் தேதி மறுபடி திறந்தார்கள். ஒரு அரசாங்கத்துக்கு மனசு வைத்தால் எவ்வளவு சுறுசுறுப்பு வரும் என்று அந்த ஒன்பது நாளில் பார்த்தேன்.

அம்மை கதைக்கு வருகிறேன். 2018இல் அவளுக்குப் புற்றுநோய் ஆபரேஷன், திருவனந்தபுரத்தில். எங்கள் மாவட்டத்தில் பெரிய நோய் என்றால் வண்டி தானாகவே மேற்கே திரும்பும். மெடிக்கல் காலேஜ், ஆர்.சி.சி. என்கிற புற்றுநோய் ஆஸ்பத்திரி, ஸ்ரீ சித்திரா எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. களியக்காவிளையிலிருந்து முப்பது கிலோமீட்டர் சொச்சம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை காட்ட வேண்டும். ஏப்ரல் தவணை தவறியது. பாஸ் கேட்டு ஓர் அலுவலகத்தில் நின்றபோது அந்த ஆபீசர் (நல்ல மனுஷன் மாதிரித்தான் பேசினார்) கேட்ட கேள்வி இன்னும் காதில் நிற்கிறது. "நம்ம மாநிலத்திலேயே பாத்துக்கலாமே, சென்னையில இல்லாத ஆஸ்பத்திரியா?" சென்னை நாகர்கோவிலிலிருந்து 700 கிலோமீட்டர். ரயில் இல்லை, பஸ் இல்லை. முப்பது கிலோமீட்டரில் வைத்தியம் இருக்க, கீமோ பார்த்த உடம்பை 700 கிலோமீட்டர் காரில் கொண்டு போகச் சொல்கிறார், மாநிலம் மாறிவிடக் கூடாதாம்!

ஜூலையில்தான் போக முடிந்தது. டாக்டர் பார்த்தது கால் மணி நேரம். திரும்பி வந்ததும் கதவில் தனிமைப்படுத்தப்பட்ட வீடு என்று ஸ்டிக்கர், 14 நாள். பால்காரர் கேட்டுக்கு வெளியே பாத்திரத்தை வைக்கச் சொல்லிவிட்டுத் தூரத்தில் நின்றார். எதிர்வீட்டு மைனி குழந்தையை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். அம்மை அன்றைக்குத்தான் அழுதாள். நோய் வந்தபோது அழாதவள், ஒரு காகிதத்துக்கு அழுதாள். "அடுத்த தடவ போவண்டாம் மக்ளே" என்றாள். அடுத்த தடவை போகவும் இல்லை.

மாநிலம் விட்டு மாநிலம் போகத் தனி அனுமதி வேண்டாம் என்று மத்திய அரசு அதே ஜூலை கடைசியில் சொன்னது. ஆகஸ்டில் உள்துறைச் செயலாளர் கடிதமே போட்டார். யார் கேட்டார்கள்? செப்டம்பர் 1 முதல் தமிழ்நாட்டுக்குள் மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் வேண்டாம் என்றார்கள், வெளிமாநிலத்துக்கு மட்டும் தொடர்ந்தது. குமரியிலிருந்து திருத்தணி வரைக்கும் தாராளமாகப் போகலாம், பாறசாலைக்குப் போக முடியாது. பெரியம்மை வீட்டுச் சக்கை (பலாப்பழம்) இரண்டு சீசன் எங்களுக்கு வரவில்லை.

இந்த எல்லைக் கண்டிப்பெல்லாம் 2021 மார்ச்சில் எங்கே போனது? எங்கள் எம்.பி. ஹெச். வசந்தகுமார் 2020 ஆகஸ்ட் 28ஆம் தேதி கொரோனாவில்தான் இறந்தார். அந்த இடத்துக்கு இடைத்தேர்தல், கூடவே சட்டமன்றத் தேர்தல், ஆளுக்கு இரண்டு ஓட்டு. கொரோனா கொண்டுவந்த தேர்தலுக்கே கொரோனாவை மறந்து கூட்டம் கூட்டினார்கள். எந்தக் கொடி என்று கேட்காதீர்கள், எல்லாக் கொடியும்தான். வேனில் ஏற்றி வந்தவர்களுக்கு மாஸ்க்கும் கிடையாது, காரணம் என்ற கட்டமும் கிடையாது. ஏப்ரல் 6 வாக்குப்பதிவு, கேரளத்திலும் அதே நாள். மே 2 எண்ணிக்கை. மே 10 மறுபடியும் முழு ஊரடங்கு. வெட்டுக்காரரும் வள்ளக்காரரும் மறுபடி வீட்டுக்குள்.

எல்லை தாண்டிப் பஸ் எப்போது ஓடியது தெரியுமா? 2021 டிசம்பர் 1. இருபது மாதம். அதுவரைக்கும் இங்கத்திய பஸ் இந்தப் பக்கம் இறக்கிவிடும். மூட்டை முடிச்சோடு நடந்து எல்லையைத் தாண்டி, அந்தப் பக்கத்துப் பஸ்ஸில் ஏற வேண்டும். பஸ்ஸில் உட்கார்ந்து வந்தால் தொற்றுகிற கிருமி, பொடிநடையாக வந்தால் தொற்றாது போலிருக்கிறது. முதல் வாரமே அம்மையைக் கூட்டிக்கொண்டு ஏறினேன். மடியில் ஒரு பை மரச்சீனிக் கிழங்கு. கண்டக்டர் பக்கத்தில் வந்ததும் அவள் ஆதார் கார்டை எடுத்து நீட்டினாள். "டிக்கெட் மதி அம்மே", டிக்கெட் போதும் என்று அவர் மலையாளத்தில் சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தோட்டத்துப் பக்கம் போகும் சந்தில் அப்போது சிமென்ட் நிரப்பிக் கொண்டுவந்து வைத்த இரண்டு இரும்பு டிரம்களில் ஒன்று இன்னும் அங்கேயே கிடக்கிறது. பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு. ஆட்டோ ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் போகும். எடுத்து மாற்றச் சொல்லிப் போன மாதமும் கேட்டேன். வில்லேஜ் ஆபீசில் போலீசைக் கேள் என்றார்கள், போலீஸ் பஞ்சாயத்தைக் கேள் என்றது, பஞ்சாயத்தில் அது எந்த மாநிலத்து டிரம் என்று என்னையே கேட்டார்கள்.

ஒருவேளை அடுத்த தடவைக்கு வண்டிச் செலவு மிச்சம் என்று விட்டுவைத்திருக்கிறார்களோ என்னவோ.