மாத்திரை அட்டையை மேசையில் வையுங்கள்
பதின்வயதுப் பெண்கள் கருத்தடை மாத்திரை உட்கொள்வதை மருத்துவரிடம் சொல்லத் தயங்குவது பற்றிய ஒரு கட்டுரையைப் படித்துவிட்டு, கும்பகோணத்திலிருந்து ஒரு தாயாக எழுதுகிறேன். சினைப்பை நீர்க்கட்டிக்கும் ஒழுங்கற்ற மாதவிலக்குக்கும் இதே மாத்திரைதான் எழுதித் தரப்படுகிறது என்பது எங்கள் பக்கத்தில் பலருக்குத் தெரியாது. என் மகளுக்கும் 17 வயதில் அப்படித்தான் தந்தார்கள். பின்னர் ஒற்றைத் தலைவலிக்காக வேறொரு மருத்துவரிடம் சென்றபோது, அருகில் தெரிந்த முகங்கள் இருந்ததால், வேறு மாத்திரை எதுவும் சாப்பிடவில்லை என்று நானே சொல்லிவிட்டேன். கண்முன் ஒளிக்கீற்றுகள் மின்னி அதன்பின் தலைவலி வருபவர்களுக்கு ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் கலந்த கருத்தடை மாத்திரை பக்கவாத அபாயத்தைக் கூட்டும் என்பதை அன்று நான் அறியேன். காசநோய்க்கான ரிஃபாம்பிசினும், வலிப்புக்கான ஃபெனிட்டாயின், கார்பமசெபைன் போன்றவையும் கருத்தடை மாத்திரையின் பலனையே குறைத்துவிடும். தேர்த் திருவிழாவுக்காக மாதவிலக்கைத் தள்ளிப்போட மருந்துக்கடையில் வாங்கும் நோரெதிஸ்டிரோனையும் (அதை யாரும் மருந்தாகவே கணக்கில் வைப்பதில்லை) சொல்லியாக வேண்டும். வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருந்தால், அட்டையை அப்படியே மருத்துவரின் மேசைமீது வைத்துவிடலாம். அம்மா சற்று வெளியே இருக்கட்டும் என்று மகள் கேட்டால், எழுந்து செல்வதே முறை. அடுத்த முறை நான் அப்படித்தான் வெளியே வந்து அமர்ந்தேன்.