நீலமாக மாறினால் புற்றுநோய் என்பது தலைகீழ்

அண்ணாச்சி, "ஒரு சொட்டு ரத்தம், பத்து நிமிஷம், தங்கத் துகள் நீலமானா புற்றுநோய், இனி பயாப்ஸி (சதையில கொஞ்சம் எடுத்துப் பார்க்கிற சோதனை) வேண்டாம்"னு போட்டிருக்கீங்க. இது தப்பு.

அது 2018ல ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வு. தங்க நானோதுகள் கரைசல் இயல்பிலேயே இளஞ்சிவப்பு. துகள்கள் ஒண்ணோடொண்ணு திரண்டா நீலமாகும். புற்றுநோய் செல்லோட டிஎன்ஏவில் மெத்தில் குறிகள், அதாவது அதுமேல ஒட்டியிருக்கிற சின்ன வேதிக் குறிகள், கொத்துக் கொத்தா இருக்கும். அது தங்கத்தில் நல்லா ஒட்டிக்கிட்டு துகள்களைத் திரளவிடாது, நிறம் அப்படியே நிற்கும். நீலமாகிறது ஆரோக்கியமான டிஎன்ஏக்குத்தான்!

ரத்தத்தை அப்படியே ஊத்தவும் முடியாது. ரத்தத்தோட திரவப் பகுதியான பிளாஸ்மாவைப் பிரிச்சு, டிஎன்ஏவைச் சுத்தம் பண்ணணும். 200க்கும் மேற்பட்ட மாதிரிகளில் 90% வரை சரியாச் சொன்னது, பெரிய விஷயம்தான். ஆனா எந்த உறுப்பு, எந்த நிலைன்னு அது சொல்லாது.

நேத்து பக்கத்து வீட்டு அக்கா உங்க பதிவைக் காட்டினாங்க. கையில மடிச்ச ஓ.பி. சீட்டு. வெள்ளிக்கிழமை திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் ஆஸ்பத்திரியில் பயாப்ஸி. "களியக்காவிளையில இருந்து பஸ் ஏறணுமா, இந்த டெஸ்ட் போதாதா"ன்னு கேட்டாங்க. போய்த்தான் ஆகணும்னு சொல்லியிருக்கேன். பதிவைத் திருத்துங்க அண்ணாச்சி.