ரிசார்ட்டுக்குப் பணம் இருக்கு, ரயில் டிக்கெட்டுக்கு இல்லையா?

சனிக்கிழமை நம் கல்லூரிப் பழைய மாணவர் குழுவில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும், முழுக்கதையும் சொல்லப் போவதில்லை. காம்ப்ளெக்ஸ் ஃப்ளூயிட்ஸ் (தண்ணீர் மாதிரி சாதாரணமாக ஓடாமல், பாதி திரவம் பாதி திடம்போல் நடந்துகொள்ளும் பொருட்கள்) மாநாட்டுக்கு வரும் ஆராய்ச்சி மாணவர்களின் ரயில் செலவுக்கும் தங்கும் செலவுக்கும் உதவ முடியுமா என்று கேட்டேன். "இட்லி மாவு ஆராய்ச்சிக்கு ஏசி ஹால் எதுக்கு சார்?" என்றார் ஒருவர். கீழே வரிசையாகச் சிரிப்பு எமோஜி. என்னோடு ஒரே மெஸ்ஸில் சாப்பிட்டவர்களும் அதில் உண்டு. சரி, சிரிங்க.

ஆமாம், இட்லி மாவும் காம்ப்ளெக்ஸ் ஃப்ளூயிட்தான். பெயின்ட், பற்பசை, ரத்தம், கொரோனா எம்ஆர்என்ஏ தடுப்பூசியைச் சுமந்து வந்த கொழுப்புத் துகள், எல்லாம் இந்த வகையறாதான். 1991இல் பிரெஞ்சு விஞ்ஞானி டி ஜென்னுக்கு இயற்பியல் நோபல் கிடைத்ததும் திரவப் படிகம் (திரவம்போல் ஓடினாலும் மூலக்கூறுகள் படிகம்போல் ஒழுங்காக நிற்கும் பொருள்), பாலிமர் (நீளச் சங்கிலி மூலக்கூறு) என்று இதே சமாச்சாரத்துக்குத்தான். நீங்கள் எமோஜி தட்டிய திரை எல்சிடி, அதாவது திரவப் படிகத் திரை, என்றால் அதுவும் இந்தக் குடும்பம். பெங்களூரு ராமன் ஆராய்ச்சி நிறுவனத்தில் எஸ். சந்திரசேகர் (நோபல் வாங்கியவர் வேறு, இவர் சி.வி. ராமனின் சகோதரி மகன்) தட்டு வடிவ மூலக்கூறுகளும் திரவப் படிகமாகும் என்று 1977இல் தன் குழுவோடு காட்டினார். பக்கவாட்டில் பார்த்தாலும் எல்சிடி படம் வெளுக்காமலிருக்க ஒட்டுகிற படலத்துக்குள் அந்த வகை மூலக்கூறுகள் பிற்பாடு போய்ச் சேர்ந்தன. அந்தக் கண்டுபிடிப்புக்கு நாலு வருடம் முன்பே, 1973இல், பெங்களூரில் சர்வதேசத் திரவப் படிக மாநாட்டைக் கூட்டியவரும் அவர்தான். அன்றைக்கும் ஒருத்தர் "எதுக்கு சார்" என்று கேட்டிருப்பார்.

"ஜூமில் வெச்சுக்கலாமே?" என்றார் இன்னொருவர். கோவிட் காலத்தில் வைத்துக்கொண்டோமே, பாதிப் பேர் கேமராவை அணைத்துவிட்டுத் துணி மடித்தார்கள். பேச்சை ஜூமில் கேட்கலாம், மாணவர்கள் தங்கள் ஆய்வை அச்சடித்து ஒட்டிவிட்டுப் பக்கத்தில் நின்று விளக்கும் போஸ்டருக்கு என்ன செய்வீர்கள்? மாணவனாக இருந்தபோது என் போஸ்டரைக் குழாயில் சுருட்டி, ஸ்லீப்பர் கோச்சில் ராத்திரி முழுக்க மடியில் வைத்துக்கொண்டு ஒரு மாநாட்டுக்குப் போனேன். அங்கே ஒரு ஈ காக்கா அண்டவில்லை. மத்தியானம் பெயின்ட் கம்பெனிப் பெரியவர் ஒருவர் டீ கப்போடு வந்தார். என் கிராஃபில் விரலை வைத்து, "தம்பி, கலக்கினா இளகுதுன்னு போட்டிருக்கே, நிறுத்தினா எத்தனை செகண்டுல இறுகுது? சீக்கிரம் இறுகினா பிரஷ் கோடு தெரியும், லேட்டானா சுவத்துல வழியும். எங்க பொழப்பே அந்த நடுவுலதான் ஓடுது" என்றார். அப்படி அளக்கலாம் என்று எங்கள் லேபில் யாருக்கும் தோன்றியதில்லை. என் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் முழுக்க அந்தக் கேள்விதான். அந்த மனிதர் ஜூமில் வந்திருப்பாரா?

"அரசாங்கம் கொடுக்கட்டும்." கொடுக்கும். ஹாலுக்கும் பேச்சாளர் டிக்கெட்டுக்கும் அது சரியாப்போகும். அடுத்து.

"மாநாடுன்னா ஊர் சுத்துறது." முதல் நாள் பையை வாங்கிக்கொண்டு காணாமல் போகும் பேராசிரியர்களை நானும் பார்த்திருக்கிறேன். அதற்கு மாணவன் என்ன செய்வான்? நான் கேட்டது அவனுக்கு. மறுபடியும் சொல்கிறேன், அவனுக்கு.

"இதனால கம்பெனிக்கு என்ன லாபம்?" 1948இல் ஹாலந்தில் நடந்த முதல் சர்வதேச ரியாலஜி (பொருட்கள் எப்படி ஓடுகின்றன, இளகுகின்றன என்று ஆராயும் துறை) மாநாட்டில், துளியூண்டு பாலிமர் கலந்தால் குழாயில் உராய்வு குறைகிறது என்று டாம்ஸ் என்பவர் சொன்னார். 1979இல் அலாஸ்கா எண்ணெய்க் குழாயில் அதை வைத்துத்தான் ஓட்டத்தைக் கூட்டினார்கள். எண்ணெய்க் கம்பெனியில் இருக்கும் நம் நண்பரும் சனிக்கிழமை சிரித்தார், பாவம், அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

சிரித்ததுகூடப் பரவாயில்லை. அதே குழுவில் வெள்ளிவிழா சந்திப்புக்கு ஈசிஆர் ரிசார்ட், ஆளுக்கொரு டி-ஷர்ட், ட்ரோன் வீடியோ என்று ஒரே சாயங்காலத்தில் பணம் குவிந்தது. அதில் லாபம் என்ன என்று ஒரு வாய் கேட்கவில்லை. நான் கேட்டால் மட்டும் எனக்குக் கணக்குப் பாடம் நடத்துகிறார்கள். இத்தனை வருடமும் உங்கள் பிள்ளைகளுக்கு அட்மிஷன், பிராஜெக்ட், சிபாரிசுக் கடிதம் என்று ராத்திரி பதினொன்றுக்குப் போன் வந்தபோது நான் "எதுக்கு சார்" என்று கேட்டேனா?

கொடுக்க விருப்பமுள்ளவர்கள் இன்பாக்ஸுக்கு வாங்க. வரவு செலவு இங்கேயே பொதுவில் வைப்பேன். ரிசார்ட்டுக்கு எடுத்து வைத்திருந்த என் பங்கை ஒரு மாணவனின் டிக்கெட்டுக்கு அனுப்பியாகிவிட்டது, டி-ஷர்ட் பட்டியலிலிருந்து என் சைஸை எடுத்துவிடுங்கள்.