நான்கு 'ஆம்' வந்தால் இதய நோய் நிச்சயமா?

"சிறுவயதுத் துன்பம் பற்றிய பத்துக் கேள்விகளில் 4 'ஆம்' வந்தால் இதய நோய் நிச்சயம், இனி ஒன்றும் செய்ய முடியாது" என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து இதைத் திருத்துங்கள். படிப்பவர் மனம் உடைந்துபோகும்.

தொடர்பு இருப்பது உண்மைதான். அமெரிக்காவின் சான் டியாகோவில் நடந்து 1998-இல் வெளியான, மருத்துவர்கள் ஃபெலிட்டி, ஆண்டா குழுவின் ஆய்வில், எந்தத் துன்பமும் சந்திக்காதவர்களைவிட, நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட வகைத் துன்பங்களைச் சந்தித்தவர்களிடம் இதய நோய் சுமார் 2 மடங்கு, தற்கொலை முயற்சி சுமார் 12 மடங்கு அதிகம். சரி, ஆனால் அது ஆயிரக்கணக்கானோரின் கணக்கு. இரண்டு மடங்கு என்றாலும், அவர்களிலும் பெரும்பாலோருக்கு இதய நோய் இல்லை.

அப்புறம், அந்தக் கேள்வித்தாளையே பாருங்கள். ஒரு 'ஆம்'-க்கு ஒரு மதிப்பெண்: ஒரே ஒரு முறை தழும்பு விழ அடி வாங்கியவருக்கும் 1, பத்து வருடம் தினமும் வாங்கியவருக்கும் அதே 1. எந்த வயதில், எத்தனை நாள் என்ற கேள்வியே கிடையாது. அடி வாங்கிய இரவில் மடியில் போட்டுத் தலை கோதிய பாட்டிக்கு அதில் இடமில்லை. இந்த எண்ணைத் தனி ஒருவரின் நோயைக் கணிக்கப் பயன்படுத்தக் கூடாது என்று ஆண்டாவே 2020-இல் எழுதினார்.

"ஒன்றும் செய்ய முடியாது" என்பதுதான் எனக்கு அதிகம் வலித்தது. ஆபத்தின் ஒரு பகுதி புகை, மது, தூக்கமின்மை, மன அழுத்தம் வழியாகத்தான் உடலுக்கு வருகிறது. இவை ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை உண்டு, ஐம்பது வயதில் தொடங்கினாலும் பலன் உண்டு.