கஞ்சத்தனம் அல்ல, விதி

‘அமெரிக்கன் ஹாக்கி லீகில் (ஐஸ் ஹாக்கியில் என்.எச்.எல். தொடருக்கு அடுத்த நிலை) இந்த இளம் அணி தொடக்கத்திலேயே தோற்பதற்கு நிர்வாகத்தின் கஞ்சத்தனமே காரணம், அனுபவசாலிகளாக எடுத்து நிரப்பியிருக்கலாம்’ என்கிறார் மேலே கருத்திட்ட ஒரு நண்பர். அப்படி நிரப்ப முடியாது. கோல்காப்பாளர்கள் நீங்கலாகக் களமிறங்கும் 18 பேரில் 13 பேர் ‘வளரும் வீரர்’களாக இருந்தாக வேண்டும். அவர்களில் 12 பேர், சீசன் தொடங்கும்போது 260 தொழில்முறை ஆட்டங்களுக்கு மேல் ஆடியிருக்கக் கூடாது. மிச்சமுள்ள ஒருவருக்கு 320 வரை சலுகை (பெரிய தாராளம்தான்!). போதாக்குறைக்கு, நன்றாக ஆடத் தொடங்குபவரை முதல்நிலைத் தொடரான என்.எச்.எல்.லில் ஆடும் தாய் அணி எப்போது வேண்டுமானாலும் மேலே அழைத்துக்கொள்ளும். இதில் சீசன் தொடங்கும் அக்டோபர் மாதத் தடுமாற்றம் எனக்கு வியப்பளிக்கவில்லை. பவர் பிளேயில் (எதிரணி வீரர் தண்டனையால் வெளியே இருக்கும் நேரத்தில்) சொதப்புவதைத் திட்டுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன்.