மெக்கறிக்குக் கைதட்டினவங்க எல்லாம் இப்ப எங்க?

"சட்டம்னா சட்டம்தானே, இதுல அழறதுக்கு என்ன இருக்கு?"

மசாலா அக்காவோட கடைப்பக்கம் முடங்கின செய்திக்குக் கீழ அதிகமா லைக் வாங்கினது இந்த ஒத்த வரிதான். எழுதினவர் எனக்கு நல்லாத் தெரிஞ்ச அண்ணன். நல்ல மனுஷர், அதனாலதான் வலிக்குது. என்ன நடந்துச்சுன்னு நான் மறுபடியும் நீட்டி விளக்கப் போறதில்ல. வீட்டுல மசாலா செஞ்சு இணையத்துல விக்கிற அக்காவோட கடைப் பேர்ல ஒரு சொல் இருக்கு. அது எங்க டிரேட்மார்க், அதாவது எங்க வியாபார முத்திரைன்னு ஒரு கம்பெனி புகார் கொடுத்துச்சு, தளம் அக்காவோட பக்கத்தை முடக்கிடுச்சு. ஸ்கிரீன்ஷாட் கோலாலம்பூர் செந்தூல்ல இருக்கிற அத்தனை வாட்சாப் குழுவையும் சுத்தி வந்தாச்சு. அந்தச் சொல்லையும் இங்க எழுத மாட்டேன். அம்மாவைப் பெத்தவங்கள நம்ம வீட்டுல எப்படிக் கூப்பிடுவோமோ, அதுதான். எழுதினா இந்தப் பதிவுக்கும் புகார் போகும். கம்பெனிக்காரங்க ரொம்பச் சுறுசுறுப்பு.

அண்ணே, உங்களுக்கு மெக்கறி ஞாபகம் இருக்கா? ஜாலான் ஈப்போவுல சுப்பையாவும் அவர் மனைவி கனகேஸ்வரியும் 1999-ல திறந்த கடை. மீன் தலைக்கறி, ரொட்டி சானாய். சைன்போர்டுல ஒரு கோழி ரெண்டு கட்டைவிரலையும் தூக்கிக் காட்டிக்கிட்டு நிக்கும். அந்தக் கடைமேல 2001-ல மெக்டொனால்ட்ஸ் வழக்குப் போட்டுச்சு. 'மெக்' எங்களோடது, எங்க நல்ல பேரை வச்சு இவங்க வியாபாரம் பண்றாங்கன்னு. 2006-ல உயர்நீதிமன்றம் மெக்டொனால்ட்ஸ் பக்கம் சாய்ஞ்சது. 2009 ஏப்ரல்ல மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தூக்கிப் போட்டது. முன்னால வர்ற ரெண்டெழுத்தை மட்டும் பிடிச்சுக்கிட்டு ஏகபோகம் கொண்டாட முடியாது, போர்டு வேற, சாப்பாடு வேற, யாரும் குழம்பிப் போயிட மாட்டாங்கன்னு. அதே வருஷம் செப்டம்பர் 8-ல நாட்டோட உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம், இதுக்கு மேல அப்பீல் கிடையாதுன்னு சொல்லி, செலவுத் தொகையா 10,000 ரிங்கிட் கட்டச் சொல்லி மெக்டொனால்ட்ஸுக்கு உத்தரவு போட்டது.

அன்னைக்கு நாம எல்லாரும் எப்படிக் குதிச்சோம்! நம்ம ஆளுங்க உலகக் கம்பெனியையே மடக்கிட்டாங்கன்னு நீங்களே பார்க்கிறவங்க கிட்டயெல்லாம் சொன்னீங்க. அன்னைக்கும் சட்டம்தான், இன்னைக்கும் சட்டம்தான். அன்னைக்கு எதிர்ல இருந்தது வெள்ளைக்காரக் கம்பெனி, இன்னைக்கு நம்மள மாதிரியே விபூதி வைக்கிற முதலாளி. அதுதானே வித்தியாசம்? இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க.

சரி, சட்டத்தையே பேசுவோம். மெக்கறிக்கு எட்டு வருஷம் ஆச்சு. கொடுமைதான். ஆனா அவங்க தரப்பைக் கேக்க நீதிபதிங்க உக்காந்திருந்தாங்க. ஒரு இடத்துல தோத்தா மேல போகப் படி இருந்தது. மசாலா அக்காவுக்கு எந்த நீதிபதி? யாரோ ஒருத்தர் ஆபீஸ்ல உக்காந்து ஒரு புகார் ஃபார்மை நிரப்புறார், டிரேட்மார்க் சான்றிதழை இணைக்கிறார், அனுப்புறார். அடுத்த நாள் காலையில அக்காவோட மீன்கறி மசாலா, ரசப்பொடி, வாடிக்கையாளர்கள் எழுதின பாராட்டு, எல்லாம் காணோம். அதுவும் தீபாவளி ஆர்டர் வந்து குவியிற நேரத்துல. தளத்துல இருந்து வந்தது ஒரே ஒரு மின்னஞ்சல். "உரிமையாளரை நேரடியாகத் தொடர்பு கொள்ளுங்கள்." அக்கா தொடர்பு கொண்டாங்க. பதில் இன்னும் வந்துக்கிட்டே இருக்கு!

இதுல பலருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கு. காப்பிரைட், அதாவது படைப்புரிமைப் புகாருன்னா திருப்பி அடிக்க ஒரு வழியாவது உண்டு. நம்ம மலேசியக் காப்பிரைட் சட்டம் 1987-ல வந்தது. அதுல 2012-ல சேர்த்த பகுதிப்படி, புகார் வந்தா 48 மணி நேரத்துக்குள்ள இணையச் சேவை நிறுவனம் அந்தப் பதிவை எடுத்துடணும். ஆனா பாதிக்கப்பட்டவர், 'இது என்னுடையது, நீங்க தப்பா எடுத்துட்டீங்க'ன்னு எதிர் அறிவிப்பு கொடுக்கலாம். புகார் கொடுத்தவர் கோர்ட்டுக்குப் போகலன்னா திருப்பிப் போட்டாகணும். அமெரிக்காவுல 1998-லேயே கொண்டு வந்த ஏற்பாடும் கிட்டத்தட்ட இதேதான், பெரிய தளங்கள் எல்லாம் அதைப் பின்பற்றித்தான் ஓடுது. டிரேட்மார்க்குக்கு அப்படி ஒரு எதிர் அறிவிப்பு ரெண்டு சட்டத்துலயும் கிடையாது. தளம் தன் இஷ்டப்படி எடுக்கலாம், தன் இஷ்டப்படி வச்சுக்கலாம். யார் பக்கம் நியாயம்னு ஆராய அதுக்கு என்ன தலையெழுத்து? வம்பு வேண்டாம்னு சின்னவங்களத் தூக்கிடும். அவ்வளவுதான்.

திரும்பவும் சொல்றேன். அக்கா தோத்துப் போகல. அக்காவை யாரும் விசாரிக்கவே இல்ல. தோக்கறதுக்கும் இதுக்கும் வித்தியாசம் இருக்கு, அண்ணே.

"எஸ்எஸ்எம்ல பேரைப் பதிஞ்சிருக்காங்களே, அது போதாதா?" இது இன்னொருத்தர். எஸ்எஸ்எம்னா வியாபாரத்தைப் பதியற அரசு ஆணையம். போதாது. வியாபாரப் பதிவு வேற, டிரேட்மார்க் வேற. எஸ்எஸ்எம் சான்றிதழை சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டி வச்சாலும் அது டிரேட்மார்க் ஆகாது. "அப்போ மைஐபிஓல பதிஞ்சிருக்க வேண்டியதுதானே?" டிரேட்மார்க் பதியற அரசு அமைப்பு அது. பதிஞ்சிருக்கலாம். சரக்கை வகுப்பு வகுப்பாப் பிரிச்சிருக்காங்க, ஒரு வகுப்புக்கே கட்டணம் ஆயிரம் ரிங்கிட்டை ஒட்டி வரும். மசாலா 30-ஆம் வகுப்பு. ஏஜென்டு வச்சா அதுக்கு மேல. வீட்டுல மிளகாய் காயவச்சு, பொட்டலம் போட்டு, போஸ்லாஜு கூரியருக்குத் தானே தூக்கிட்டுப் போற பொம்பளைக்கு, 'முதல்ல ஆயிரம் ரிங்கிட்டை எடுத்து வை, அப்புறம் உன் பாட்டியோட பேரைச் சொல்லு'ன்னா எப்படி?

இன்னும் ஒண்ணு. மைஐபிஓ இணையத்தளத்துல யார் வேணும்னாலும் தேடிப் பார்க்கலாம். நான் பார்த்தேன். கம்பெனி பதிஞ்சிருக்கிறது ஒரு பொம்பளை முகமும், ரெண்டு சொல்லும், சுத்தி ஒரு வட்டமும் சேர்ந்த லோகோ. அந்த ஒத்தச் சொல்லு தனியா இல்ல. 2019-ல வந்த டிரேட்மார்க் சட்டம், வியாபாரத்துல எல்லாரும் சாதாரணமாப் புழங்கிற சொல்லையோ, சரக்கை விவரிக்கிற சொல்லையோ தனியா ஒருத்தருக்குப் பட்டா போட்டுத் தராது. ஆதாரமில்லாம வழக்குப் போடுவோம்னு மிரட்டினா, மிரட்டினவங்க மேலயே வழக்குப் போடவும் அதுல இடம் இருக்கு. அக்காவுக்கு வந்த லோயர் கடிதத்தைப் பார்த்த ஒரு வழக்கறிஞர் இதைத்தான் சொன்னார். ஆனா அவரே அடுத்த வரியில, 'கோர்ட்டுக்குப் போனா செலவு எவ்வளவு ஆகும் தெரியுமா'ன்னும் கேட்டார். அக்கா சிரிச்சிட்டு எழுந்து வந்துட்டாங்க.

"கம்பெனியும் காசு போட்டுத்தானே பேர் வாங்கியிருக்கு, ஜனங்க குழம்பிட்டா?" யாரும் குழம்பல. அக்கா பொட்டலத்துல அக்காவோட போன் நம்பர் எழுதியிருக்கும். அடுத்தது.

இப்ப என்மேல விழுந்த கல்லுக்கு வர்றேன். "நீ மட்டும் யோக்கியமா? உன் கோலத்தைத் திருடிட்டாங்கன்னு நீயும் அதே புகார் பட்டனைத்தானே அமுக்கினே?" ஆமா, அமுக்கினேன். சந்தோஷமா அமுக்கினேன்.

தெரியாதவங்களுக்கு: நான் லோகோ, பேனர், லேபிள் எல்லாம் வரைஞ்சு கொடுக்கிறவ. சில வருஷத்துக்கு முன்னால தீபாவளிக்காக ஒரு கோலம் வரைஞ்சு இங்க போட்டேன். நாலு மூலையில மயில், நடுவுல தாமரைக்குப் பதிலா செம்பருத்தி. செம்பருத்தியோட அஞ்சாவது இதழை ஒரு பக்கம் மடிச்சு வரைவேன், அது என் பழக்கம். ரெண்டு வாரம் கழிச்சு சிநேகிதி ஒருத்தி வீடியோ அனுப்பினா. ஒரு பெரிய பேரங்காடி, எஸ்கலேட்டர் முன்னால, தரையில ஸ்டிக்கரா என் கோலம். மடிஞ்ச இதழோட. என் பேர் இருந்த மூலையில ஒரு வங்கியோட லோகோ. ஜனங்க அதுமேல நடந்து போறாங்க. அதுல எனக்கு வருத்தமில்ல, கோலம்னா மிதிபடத்தான் செய்யும். எழுதிக் கேட்டப்போ, "கூகுள்ல கிடைச்சுது, மிஸ்"னு பதில். அப்புறம் இன்னொருத்தர் கூப்பிட்டு, அடுத்த வருஷம் 'வாய்ப்பு' தர்றோம்னார். அதுவும் வரல, காசும் வரல. பேரங்காடியோட இணையப் பக்கத்துல இருந்த படத்துக்குப் புகார் கொடுத்தேன், எடுத்தாங்க. தரையில இருந்தது தீபாவளி முடியற வரைக்கும் இருந்துச்சு.

அதுவும் இதுவும் ஒண்ணுன்னு சொல்றவங்களுக்கு நான் என்ன சொல்ல? நான் கேட்டது என் கையால வரைஞ்ச ஒரு படத்தை. மயில் வரையாதே, செம்பருத்தி வரையாதேன்னு யாரையும் சொல்லல. நம்ம சட்டப்படி வரைஞ்ச உடனே காப்பிரைட் என்னுடையது, எங்கயும் பதிய வேண்டியதில்ல. என்கிட்ட மூலக் கோப்பு இருக்கு, தேதி இருக்கு. அவங்களுக்கு எதிர் அறிவிப்பு கொடுக்கிற உரிமையும் இருந்துச்சு. கொடுக்கல, ஏன்னா கொடுக்க எதுவுமில்ல. என் புகாரால பேரங்காடி மூடிப் போச்சா? ஒரு பூட்டாவது விழுந்துச்சா?

இதுக்கே "ஆனா நீ லேபிளுக்குப் போடற தமிழ் எழுத்துரு எல்லாம் திருட்டுதானே"ன்னு ஒருத்தர் வந்தார். கேட்டதுக்காகச் சொல்றேன். முக்தா மலர், கட்டமரான், நோட்டோ, எல்லாம் யார் வேணும்னாலும் புழங்கலாம்னு உரிமம் போட்டு இலவசமாக் கொடுக்கிற எழுத்துரு. மத்தது காசு கொடுத்து வாங்கினது. ரசீது காட்டணுமா? எதுக்குக் காட்டணும்? நீங்க பார்க்கிற படத்துக்கெல்லாம் முதல்ல ரசீது காட்டுங்க. 2022-ல திருட்டுத்தனமாப் படம் பார்க்கிற ஸ்ட்ரீமிங் பெட்டிக்குச் சட்டம் இறுகினப்போ குழுவுல யார் யார் புலம்பினாங்கன்னு எனக்கு ஞாபகம் இருக்கு. அப்போ ஏன் யாரும் 'சட்டம்னா சட்டம்தானே'ன்னு எழுதல?

2017-ல ராஜா சார் தன் பாட்டை மேடையில பாடக்கூடாதுன்னு எஸ்.பி.பி.க்கு நோட்டீஸ் அனுப்பினப்போ, அதை எஸ்.பி.பி. முகநூல்லயே எழுதினார். இங்க கோலாலம்பூர்லயும் நட்பு முறியற அளவுக்குச் சண்டை. நான் ராஜா சார் பக்கம். இன்னைக்கும் அவர் பக்கம்தான். கலைஞனுக்குத் தான் போட்ட மெட்டு மேல உரிமை வேணும். அதனால எனக்கு உரிமைன்னாலே ஆகாதுன்னு கதை கட்டாதீங்க. ஆனா மெட்டு அவர் போட்டது. இந்தச் சொல்லை எந்தக் கம்பெனி போட்டுச்சு? எந்தத் தோட்டத்து லயத்து வீட்டுல, எந்தக் கிழவிக்கு, எந்த மேனேஜர் பேர் வச்சார்?

எனக்கு உண்மையிலேயே ஆத்திரம் கம்பெனி மேலகூட இல்ல. கம்பெனி கம்பெனி மாதிரி நடந்துக்கிச்சு. கடை மூடின செய்திக்குக் கீழ சிரிப்புக் குறி போட்டாங்களே நம்ம ஆளுங்க, அவங்க மேலதான். அதுல பாதிப்பேர் அக்கா கிட்ட கடனுக்கு மசாலா வாங்கினவங்க. மீதிப் பாதி என்கிட்ட வந்து, "தங்கச்சி, ஒரு சின்ன லோகோதானே, சும்மா போட்டுக் கொடும்மா"ன்னு கேட்டவங்க. சின்ன லோகோ, சின்ன பேனர், சின்னக் கோலம். பெரியவங்க கையில இருந்தா சொத்து, எங்க கையில இருந்தா சும்மா. அதைப் பத்திப் பேசினா, "மேடம் ஏன் உணர்ச்சிவசப்படறீங்க?"

அக்காவுக்கு ஆர்டர் கொடுக்கணும்னா பழைய நம்பரே வேலை செய்யுது, பொட்டலத்துல பாருங்க. புது லேபிள் நான் போட்டுக்கிட்டு இருக்கேன். அதுல என்ன பேர்னு இப்ப சொல்ல மாட்டேன்.

அப்புறம், நேத்து ராத்திரி அந்தக் கம்பெனியில இருந்து தீபாவளி பேனருக்கு விலை கேட்டு மெசேஜ் போட்ட தம்பிக்கு: நான் செய்யறதில்ல. முன்பணம் வாங்கல, அதனால திருப்பித் தரவும் ஒண்ணுமில்ல. இதையே எழுத்துப்பூர்வமான பதிலா வச்சுக்குங்க.